மரத்தடியில், மரத்தடிக்கு, மரத்தடியிலிருந்து: ஃபின்னிஷ் சொல்லுருபுகளைத் தமிழ் வழியாகப் படித்தல்

'வீட்டின் பின்னால்' என்பதை ஃபின்னிஷ் மொழியில் 'தலொன் தக்கன' என்பார்கள். 'தலொ' என்றால் வீடு. அதன் இறுதியில் ஒட்டியிருக்கும் னகர ஒற்று ஆறாம் வேற்றுமை உருபு, அதாவது நம்முடைய 'இன்'. 'தக்கன' என்றால் பின்னால். இப்படிப் பெயரோடு சேர்ந்து நின்று உருபின் வேலையைச் செய்யும் தனிச்சொல்தான் சொல்லுருபு. வீடு, இன், பின்னால் என்று தமிழில் எந்த வரிசையில் சொல்கிறோமோ, அதே வரிசையில் அங்கும் சொல்கிறார்கள். ஆனால் ஃபின்னிஷ் கற்பிக்கும் பாடநூல்களில் நம் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்டவை. பெயருக்கு முன்னால் வந்து பழகிய சொல் இங்கே பின்னால் வரும், அதற்காகப் பெயரின் வடிவமும் மாறும், இதற்கு நீங்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவை தொடக்கத்திலேயே மாணவரை எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை தமிழ் மாணவருக்கு உரியதன்று. நமக்கு இயல்பாகவே தெரிந்த ஒன்றை, இல்லாத ஒரு சிரமமாக மாற்றி நம்மிடம் கொடுக்கிறது அது. ஃபின்னிஷ் படிக்கும் தமிழர் இந்தப் பகுதியை மட்டுமாவது ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காமல் நேரே தமிழிலிருந்து படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் தமிழும் மலாயும் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் ஆசிரியன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பட்டணத்துத் தாமான்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஃபின்னிஷுக்கும் எனக்கும் தொடர்பு ஏற்பட்டது என் அக்காள் மகளால். ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் செவிலியராக வேலை செய்யும் அவள், அங்கே மொழி வகுப்புக்கும் போய்வருகிறாள். சிறு வயதில் என்னிடம் வேற்றுமை உருபு படித்தவள் என்பதால், வகுப்பில் எழும் ஐயங்களை இன்றும் என்னிடமே கேட்கிறாள். அவளுக்கு விடை சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கிய நான், இப்போது எனக்காகவே படித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. ஃபின்னிஷ் மொழி குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழைப் போலவே கறாராகக் காக்கும் மொழி. 'தலொன்' என்றால் வீட்டின். 'தலோன்' என்றால் வீட்டுக்குள். ஒகரமா ஓகாரமா என்பதில்தான் வேற்றுமையே மாறுகிறது. ஆகவே குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் எழுதியிருக்கிறேன். க, த, ப ஆகியவை மெலிந்து ஒலிக்காமல் இருக்க, வேண்டிய இடங்களில் ஒற்று இரட்டித்திருக்கிறேன். வாயைப் பக்கவாட்டில் விரித்துச் சொல்லும் ஓர் அகரம் அவர்களிடம் உண்டு; நம்மிடம் அதற்கு எழுத்து இல்லாததால் அதையும் அகரமாகவே எழுதுகிறேன்.

இனி, மரத்தடிக்கு வருவோம். ஃபின்னிஷில் மரத்துக்குப் 'பூ' என்று பெயர். 'பூன் அல்ல' என்றால் மரத்தடியில். 'பூன் அல்லெ' என்றால் மரத்தடிக்கு. 'பூன் அல்த்த' என்றால் மரத்தடியிலிருந்து. நாய் மரத்தடியில் தூங்கினால் 'அல்ல', மரத்தடிக்கு ஓடினால் 'அல்லெ', மரத்தடியிலிருந்து வந்தால் 'அல்த்த'. நடுவில் நிற்கும் 'அல்' என்பது அடிப்பகுதியைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல்லின் வேர். அதன்மேல் இருத்தல், சேர்தல், நீங்கல் என்ற மூன்று பொருளுக்கு மூன்று இறுதிகள் ஏறுகின்றன. தமிழில் 'அடி' என்ற பெயர்மேல் 'இல்', 'கு', 'இலிருந்து' ஏறுவது எப்படியோ அப்படியே இதுவும். பின்புறத்துக்கு 'தக்கன, தாக்ஸெ, தக்கா'. முன்புறத்துக்கு 'எதெஸ்ஸ, எத்தேன், எதெஸ்த்த'. மேற்புறத்துக்கு 'பால்ல, பால்லெ, பால்த்த'. ஆங்கிலமோ மரத்தடியில் தூங்கும் நாய்க்கும் மரத்தடிக்கு ஓடும் நாய்க்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வேறுபாட்டை வினைச்சொல்லிடம் விட்டுவிடுகிறது. அதனால்தான் ஆங்கில நூல்கள் இந்த மும்மைக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மும்மை இன்னொரு பக்கத்திலிருந்தும் தெரியும். மலாயில் 'டி பாவா' என்றால் அடியில், 'கெ பாவா' என்றால் அடிக்கு, 'டாரி பாவா' என்றால் அடியிலிருந்து. வரிசைதான் தலைகீழ், எண்ணம் ஒன்றே. எங்கள் வகுப்பின் வெண்பலகையில் ஒரு நாள் மூன்று மொழிகளுக்கும் மூன்று நிரல் போட்டு எழுதிக் காட்டினேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஃபின்னிஷ் நிரலைப் பார்த்து, இது தமிழ்ப் பக்கம், மலாய் எதிர்ப்பக்கம் என்று உடனே சொல்லிவிட்டாள். ஒரு சொல்கூடத் தெரியாத மொழியின் அமைப்பை அவள் அந்த நொடியில் பிடித்துக்கொண்டாள். எந்த விளக்கமும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் தமிழ் நம்மை எல்லா இடத்திலும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் என்று சொல்ல மாட்டேன். மூன்று இறுதிகளில் எதை எந்த வினையோடு சேர்ப்பது என்பதில் ஃபின்னிஷ் தனக்கென ஒரு பார்வை வைத்திருக்கிறது. அக்காள் மகள் ஒரு முறை பயிற்சித் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, உடனே அழைத்தாள்.

"மாமா, சாவி மரத்தடியிலதானே கெடந்துச்சு? மரத்தடியில சாவியக் கண்டுபிடிச்சேன்னு எழுதத்தான் 'பூன் அல்ல' போட்டேன். டீச்சர் அத அடிச்சிட்டு 'பூன் அல்த்த'ன்னு எழுதியிருக்காங்க."

"கெடந்தது மரத்தடியிலதாம்மா. ஆனா ஒன் கைக்கு வந்தது மரத்தடியிலேருந்துதானே? அவங்க அந்தக் கணக்குலதான் சொல்றாங்க."

ஃபின்னிஷில் கண்டுபிடித்தல், தேடுதல், வாங்குதல் போன்ற வினைகள் நீங்கல் பொருளைக் கேட்கின்றன. கடையில் வாங்குவதில்லை, கடையிலிருந்து வாங்குகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 'தங்கிவிடுதல்' என்னும் வினை சேர்தல் பொருளைக் கேட்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்பதற்கு அவர்கள் சொல்வதை அப்படியே தமிழில் வைத்தால் 'வீட்டுக்குத் தங்கினேன்' என்று ஆகும். பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிலைகொள்கிறது என்பதை அந்த மொழி கவனிக்கிறது. இதைத் தனியே படித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சொல்லுருபுகள் ஏன் ஆறாம் வேற்றுமையைக் கேட்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவை எல்லாம் ஒரு காலத்தில் பெயர்ச்சொற்கள், அதனால்தான் கேட்கின்றன. 'பால்ல' என்றால் மேலே. 'பா' என்றால் தலை. மேசையின் தலையில் என்பதுதான் மேசையின் மேல் ஆயிற்று. 'யல்க்கேன்' என்றால் பிறகு. 'யல்க்கி' என்றால் அடிச்சுவடு. 'ஸொதன் யல்க்கேன்' என்பது போருக்குப் பிறகு. அதன் பழம்பொருள் போரின் சுவட்டுக்குள் என்பது. 'அய்கன' என்றால் நடக்கும்போது, அந்தக் காலத்தில். 'அய்க' என்றால் காலம். பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் வந்து உடைமைப் பொருளில் நின்றால் அது ஆறாம் வேற்றுமை ஏற்கத்தானே வேண்டும். வீட்டின் கூரை, வீட்டின் வாசல், வீட்டின் பின். மூன்றும் ஒரே அமைப்பு.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் வேற்றுமையியல் நினைவுக்கு வந்தது. ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்று பெயரிட்ட தொல்காப்பியர், அதன் பொருளில் வரும் சொற்களைக் கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின், சார், அயல், புடை, முன், இடை, கடை, தலை, வலம், இடம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நன்னூலார் அந்தப் பட்டியலை 28 உருபுகளாக விரிக்கிறார். அவற்றுள் 'தலை' இருப்பதைப் பாருங்கள். ஃபின்னிஷ் மொழி தலையைக் கொண்டு செய்த வேலைக்கு இணையான வேலையை நம் இலக்கணிகளும் தலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண், கால், வாய் ஆகியவையும் உடலுறுப்புகளின் பெயர்களாக வழங்குபவை. இடத்தைச் சொல்ல உடலிலிருந்து சொல் எடுப்பது உலகின் பல மொழிகளில் உள்ள வழக்கம். நம் இலக்கண மரபு இவற்றை உருபுகளின் வரிசையிலேயே வைத்துப் பேசியது என்பதுதான் இங்கே முக்கியம். பெயருக்கும் உருபுக்கும் நடுவில் மதில் எழுப்பாத அந்தப் பார்வை ஃபின்னிஷ் படிப்பவருக்கு நேரடியாக உதவுகிறது.

உடைமையும் இடமும் இப்படிப் பிணைந்திருப்பதை ஓர் அறிஞர் உலக அளவில் காட்டினார். அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் 30 மொழிகளை எடுத்துக்கொண்டார். ஃபின்னிஷும் மலாயும் அவற்றில் இருந்தன, திராவிட மொழிகளின் சார்பில் கன்னடம் இருந்தது. உடையவரை முன்னால் சொல்லி உடைமையைப் பின்னால் சொல்லும் மொழிகளில் சொல்லுருபும் ஏறக்குறைய எப்போதும் பின்னால் வரும். முன்னால் வரும் சொல்லுருபுகளை உடைய மொழிகளில் உடையவர் ஏறக்குறைய எப்போதும் பின்னால் வருவார் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. மலாயில் அலியின் வீடு 'ரூமா அலி'; வீட்டின் பின்னால் 'டி பெலாக்காங் ரூமா'. வீடு அலியைப் பின்னால் வைத்துக்கொள்வது போலவே, 'பெலாக்காங்' என்ற பின்புறமும் வீட்டைப் பின்னால் வைத்துக்கொள்கிறது. இதைத்தான் என் மாணவி எதிர்ப்பக்கம் என்றாள். ஃபின்னிஷ் வாக்கியத்தில் இன்று வினைச்சொல் நடுவில் வருகிறது. அந்த வகையில் அது தமிழைவிட்டு விலகி மலாய்க்கு அருகே நிற்கிறது. ஆனால் உடைமைத் தொடரில் உடையவர் இன்னும் முன்னாலேயே நிற்கிறார். அதனால் சொல்லுருபும் பின்னாலேயே தங்கிவிட்டது. ஒரு மொழியில் 'அலியின் வீடு' எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், 'வீட்டின் பின்னால்' எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

பெயரின் இடத்தில் நான், நீ போன்ற மூவிடப்பெயர்கள் வரும்போது ஃபின்னிஷ் இன்னும் ஒரு படி போகிறது. என் பின்னால் என்பதற்கு 'தக்கனனி', உன் பின்னால் என்பதற்குத் 'தக்கனஸி', நம் பின்னால் என்பதற்குத் 'தக்கனம்மெ'. 'என் வீடு' என்று சொல்ல எந்த இறுதியை வீட்டோடு ஒட்டுகிறார்களோ, அதையே சொல்லுருபோடும் ஒட்டுகிறார்கள். அது பெயராக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எழுத்து மொழியில் இது கட்டாயம்; பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தேர்வுத்தாளில் எழுதுவதும் மருத்துவமனை வார்டில் காதில் விழுவதும் வேறு வேறாக இருப்பது ஏன் என்று அக்காள் மகள் கேட்டபோது, நாம் வகுப்பில் எழுதுவதும் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பேசுவதும் ஒன்றாகவா இருந்தது என்றுதான் சொன்னேன்.

பெயருக்கு முன்னால் வரும் சொல்லுருபுகளும் ஃபின்னிஷில் உண்டு, அவை குறைவு. 'இல்மன் ரஹா' என்றால் பணம் இல்லாமல். 'என்னென் ஸொத்தா' என்றால் போருக்கு முன். இவை பெயரை ஆறாம் வேற்றுமையில் கேட்பதில்லை. நம்மிடம் இல்லாத பகுதி வேற்றுமை ஒன்று அங்கே இருக்கிறது; முழுப்பொருளையும் எடுத்துக்கொள்ளாமல் அதில் ஒரு பகுதியை, அல்லது முடியாத செயலின் பொருளைக் குறிப்பது அது. முன்னால் வரும் சொல்லுருபுகள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கின்றன. நடுவில் என்று பொருள்படும் 'கெஸ்கெல்ல' இரண்டு பக்கமும் நிற்கும்: 'மெத்ஸன் கெஸ்கெல்ல' என்றாலும் காட்டின் நடுவில், 'கெஸ்கெல்ல மெத்ஸா' என்றாலும் காட்டின் நடுவில். பின்னால் நின்றால் ஆறாம் வேற்றுமை, முன்னால் நின்றால் பகுதி வேற்றுமை. பொருள் ஒன்றே. ஆனால் 'உம்ப்பரி' என்ற சொல்லில் பொருளே மாறிவிடுகிறது. 'மாயில்மன் உம்ப்பரி' என்றால் உலகைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது. 'உம்ப்பரி மாயில்மா' என்றால் உலகம் முழுவதும், அங்கும் இங்கும் எங்கும். உலகை முழுதாகச் சுற்றி வருவதற்கு முழுமையான உடைமை வேற்றுமையும், உலகின் பல பகுதிகளில் பரவிக் கிடப்பதற்குப் பகுதி வேற்றுமையும் அமைந்திருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

தமிழில் சொல்லுருபுகளுக்கு இரண்டு பிறப்பிடங்கள். ஒன்று பெயர்: மேல், கீழ், முன், பின். மற்றொன்று வினையெச்சம்: கொண்டு, பற்றி, நோக்கி, சுற்றி, விட்டு, இருந்து. ஃபின்னிஷ் பெயர்களிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. வினையின் பக்கம் போனது குறைவு. போன இடத்தில் ஒன்று நம்மோடு அப்படியே பொருந்துகிறது. மழையையும் மீறி என்பதற்கு 'ஸத்தேஸ்த்த ஹுஒலிமத்த' என்பார்கள். 'ஹுஒலிமத்த' என்பது கவலைப்படுதல், பொருட்படுத்துதல் என்ற வினையின் எதிர்மறை எச்சம். மழையைப் பொருட்படுத்தாமல் என்று நாம் எழுதுகிறோமே, சொல்லுக்குச் சொல் அதுதான்.

ஃபின்னிஷின் உறவு மொழிகளில் நம் மரத்தடி எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்த்தது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைக் கொடுத்தது. ஃபின்னிஷ் 'பூன் அல்ல'. எஸ்தோனிய மொழியில் 'பூ அல்'. ஹங்கேரிய மொழியில் 'ஃப அலத்'. ரஷ்யாவின் வடபகுதியில் பேசப்படும் கோமி மொழியில் 'பு உலின்'. மரத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூலம், அடியைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன மக்கள் இந்தச் சிறு தொடரை இரு பாதியும் சிதையாமல் வைத்திருக்கிறார்கள். மும்மையும் அப்படியே: ஹங்கேரியத்தில் 'அலத், அலா, அலோல்', எஸ்தோனியத்தில் 'அல், அல்ல, அல்த்'. இங்கே ஒரு குழி இருக்கிறது. ஃபின்னிஷில் 'அல்ல' என்றால் அடியில். எஸ்தோனியத்தில் 'அல்ல' என்றால் அடிக்கு. இரண்டு மொழிகளையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. ஹங்கேரியம் வேறு ஒன்றிலும் விலகுகிறது: அங்கே சொல்லுருபுக்கு முன் வரும் பெயர் எந்த உருபும் ஏற்காமல் எழுவாய் வடிவத்திலேயே நிற்கும். ஆனால் எனக்குக் கீழே என்று சொல்ல 'அலத்தம்' என்று இடவிகுதி ஒட்டும் பழக்கம் ஃபின்னிஷைப் போலவே அங்கும் உயிரோடு இருக்கிறது.

சொல்லுருபு தேய்ந்து உருபாகிவிடும் நிகழ்ச்சியையும் இந்தக் குடும்பத்தில் கண்ணால் பார்க்கலாம். ஃபின்னிஷில் 'கன்ஸ' என்றால் மக்கள். 'மக்களிடையே' என்ற பொருளில் அதற்கு உருபு சேர்ந்த வடிவம் சுருங்கி 'கன்ஸ்ஸ' ஆகி, இன்று 'உடன்' என்ற சொல்லுருபாக நிற்கிறது: 'இஸன் கன்ஸ்ஸ' என்றால் அப்பாவுடன். எஸ்தோனியத்தில் இதே சொல் இன்னும் தேய்ந்து, தனிச்சொல் என்ற நிலையை இழந்து, 'க' என்ற ஒற்றை அசையாகப் பெயரோடு ஒட்டிவிட்டது: 'இஸக'. அங்கே அது முறையான வேற்றுமை உருபு. எஸ்தோனியத்தின் 14 வேற்றுமைகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஒட்டிய இடம் இன்னும் தெரிகிறது. எஸ்தோனியத்தில் பெயருக்கு முன் வரும் அடைமொழியும் பெயரின் உருபை ஏற்க வேண்டும்: 'ஸூரெஸ் மயஸ்' என்றால் பெரிய வீட்டில், 'இல்' என்ற பொருள் தரும் ஸகரம் இரண்டு சொல்லிலும் வருகிறது. ஆனால் பெரிய வீட்டுடன் என்பது 'ஸூரெ மயக'. உருபு வீட்டில் மட்டும் ஏறுகிறது. பெரிய என்ற சொல் ஆறாம் வேற்றுமை வடிவத்தோடு நின்றுவிடுகிறது. 'க' தனிச்சொல்லாக நின்று ஆறாம் வேற்றுமையைக் கேட்ட காலத்தின் எச்சம் அது. ஒட்டுக்கட்டி வளர்த்த பால்மரத்தின் அடியில், மரம் எவ்வளவு முதிர்ந்தாலும் ஒட்டிய இடம் புடைத்துத் தெரிவது போல, அந்த இணைப்பு அங்கே தெரிகிறது. தமிழ் அடைமொழிகள் உருபு ஏற்பதே இல்லை என்பதால், நம் மொழியில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

ஹங்கேரியத்துக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1055-இல் முதலாம் அந்திராஷ் மன்னர் திஹனி மடத்துக்குக் கொடுத்த சாசனம் இலத்தீனில் எழுதப்பட்டது. நில எல்லைகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் ஹங்கேரியச் சொற்கள் இடையிடையே வருகின்றன. ஃபெஹேர்வாருக்குப் போகும் படைச்சாலைக்கு என்ற பொருளில் 'ஃபெஹெருவாரு ரெஆ மெனெஹ் ஹொது உது ரெஆ' என்று அதில் இருக்கிறது. அங்கே 'ரெஆ' இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்தில் நிற்கிறது. இன்று அது உருபாகி, ஒட்டும் பெயரின் உயிரொலிக்கு ஏற்பத் தன் உயிரை மாற்றிக்கொள்கிறது: சாலைக்கு 'ஊத்ர', கைக்கு 'கேஸ்ரெ'. தனிச்சொல்லாக இருந்தவரை தன் ஒலியைத் தானே வைத்திருந்தது; ஒட்டிய பிறகு பெயரின் ஒலிக்குக் கட்டுப்பட்டது. உருபுகளின் வரலாறு பெரும்பாலும் ஊகமாகவே நமக்குக் கிடைக்கும். அதன் ஒரு கட்டம் இப்படி ஆண்டுக் கணக்கோடு கிடைப்பது அரிது.

நம் வாயிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. 'கிட்ட' என்றால் அருகில். 'அப்பாகிட்ட கேட்டேன்' என்று சொல்லும்போது அருகாமை எங்கே போயிற்று? தொலைபேசியில் கேட்டாலும் அப்பாகிட்டத்தான் கேட்கிறோம். அதையே எழுத்தில் 'அப்பாவிடம்' என்று திருத்துகிறோம். அந்த 'இடம்' என்பதும் பெயராக இருந்து உருபானதுதான். சொல்லா உருபா என்ற இந்தக் கேள்வியை மலாய் ஆசிரியர்களும் அறிவார்கள். 1972-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின்படி இடத்தைக் குறிக்கும் 'டி' தனித்து எழுதப்படும். செயப்பாட்டு வினையில் வரும் 'டி' சேர்த்து எழுதப்படும். எங்கள் வகுப்புக் கட்டுரைகளில் நான் அதிகமாகச் சிவப்பு மையால் வட்டமிடுவது இந்த ஒன்றைத்தான்.

இத்தனை ஒற்றுமையைக் கண்டதும் தமிழும் ஃபின்னிஷும் உறவு மொழிகளோ என்று கேட்கத் தோன்றும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அப்படித்தான் கருதினார். ஃபின்னிஷையும் உள்ளடக்கிய சித்தியக் குடும்பம் என்ற ஒன்றோடு திராவிட மொழிகளைச் சேர்த்தார். இன்றைய மொழியியல் அதை ஏற்கவில்லை. நான் காட்டிய சான்றுகளும் அதற்குத் துணைபோகா. வீட்டின் பின்னால் என்பதற்குத் துருக்கியில் 'எவின் அர்க்கஸிந்த' என்றும் ஜப்பானியத்தில் 'இயெ நொ உஷிரொ னி' என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் வீடு, இன், பின்புறம், இல் என்ற அதே வரிசைதான். உடையவரை முன்னால் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் இந்த வழிக்குத் தானாக வந்துசேரும். உறவு இருப்பதாகச் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய தேவை இங்கே இல்லை. அமைப்பு ஒன்றாக இருக்கிறது என்பதே படிப்பவருக்குப் போதுமான உதவி.

ஃபின்னிஷ் படிக்கும் தமிழருக்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் நாம் வீட்டின் பின்னால் என்பதைவிட வீட்டுக்குப் பின்னால் என்றே மிகுதியாகச் சொல்கிறோம். இந்த 'கு' மனத்தில் இருந்தால் ஃபின்னிஷ் எழுதும்போது சேர்தல் பொருள் தரும் உருபைப் போடத் தோன்றும். ஆகவே கு வரும் தொடரை முதலில் 'இன்' போட்டுத் தமிழிலேயே மாற்றிக்கொண்டு, பிறகு ஃபின்னிஷுக்குப் போக வேண்டும். காலத்தைக் குறிக்கும் சொற்களில் இந்த வழி பாதிதான் உதவும். மழைக்குப் பிறகு, மழைக்கு முன் என்று நாம் இரண்டுக்கும் 'கு' போடுகிறோம். அவர்கள் பிறகு என்பதற்கு ஆறாம் வேற்றுமை போட்டுச் சொல்லுருபைப் பின்னால் வைக்கிறார்கள், முன் என்பதற்குப் பகுதி வேற்றுமை போட்டுச் சொல்லுருபை முன்னால் வைக்கிறார்கள். 'ஸத்தேன் யல்க்கேன்', 'என்னென் ஸதெத்த'. பகுதி வேற்றுமையைக் கேட்கும் சொற்களில் அடிக்கடி வருபவை இல்லாமல் என்ற 'இல்மன்', முன் என்ற 'என்னென்', நோக்கி என்ற 'கொஹ்தி', வழியே என்ற 'பித்கின்', சாய்ந்தோ எதிர்த்தோ நிற்பதைச் சொல்லும் 'வஸ்தென்', பொருட்டு என்ற 'வர்தென்'. இந்த ஆறையும் மனப்பாடம் செய்துவிட்டால், மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஆறாம் வேற்றுமையைத் தயங்காமல் போடலாம் என்று அக்காள் மகளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.